தனியாகத் தூண்டில் போடக் கடலுக்குப் போகிறவரா? படகுக்காரரிடம் உங்கள் உடம்பைப் பற்றிச் சொல்லுங்கள்

தேவகோட்டையில் பொது மருத்துவராக இருக்கிறேன். எங்கள் பக்கம் சின்ன வயதில் தூண்டில் என்றால் கண்மாய்க் கெண்டைதான். அப்படிப் பழகிய பலர் ஐம்பது, அறுபது வயதில் ராடும் ரீலும் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கிளம்புகிறார்கள். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இதில் அதிகம். வீடு நிறைய சொந்தபந்தம். ஒரு காலைப் பொழுதாவது சத்தமில்லாமல் இருக்கலாமே என்று விடியும் முன்பே காரை எடுத்துவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் தொண்டி. தெரிந்தவர் மூலம் ஒரு நாட்டுப்படகைப் பேசி, கரையோரமாகவே நாலைந்து மணி நேரம். மீன் நிற்கும் இடம் படகுக்காரருக்குத் தெரியும். இவரைப் பற்றித்தான் அவருக்கு எதுவும் தெரியாது.

போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். போய்விட்டு வந்தவர்களின் முகத்தில் தெரியும் தெளிச்சியைப் பார்த்திருக்கிறேன். ஆனால் என்னிடம் சிகிச்சைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அலையில் விழுந்தவர்கள் அல்ல. தங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் படகு ஏறியவர்கள்.

போன தை மாதம் ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டியவர், பல வருடமாகச் சர்க்கரை. கடலில் வாந்தி வரும் என்று பயந்து காலையில் எதுவும் சாப்பிடவில்லை. ஆனால் சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு மாத்திரையைப் பழக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒன்பது மணிவாக்கில் சட்டை தொப்பலாக நனைந்து, முகம் வெளுத்துவிட்டது. "கடல் ஒத்துக்கல ஐயா, செத்த படுங்க" என்று படகுக்காரர் தார்ப்பாயை விரித்திருக்கிறார். அவர் மேல் குற்றமில்லை. பார்க்க அப்படித்தான் இருக்கும். மாலையில் அவரே நோயாளியை என்னிடம் அழைத்துவந்தார். அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தூண்டில்ல பாறை மீனு மாட்டி ராடு வில்லா வளையுது டாக்டர். இவரு அதைக் கையில வச்சுக்கிட்டே என்னான்னு தெரியாமப் பாக்குறாரு. அப்பத்தான் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு."

உடனே கரைக்குத் திருப்பி, டீக்கடையில் சீனி அள்ளிப் போட்டு டீ கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு பார்த்தபோதே சர்க்கரை 58. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரைதான்.

கடல் மயக்கமும் தாழ்சர்க்கரையும் தொடக்கத்தில் ஒரே மாதிரி இருக்கும்: வியர்வை, வெளுப்பு, குமட்டல். கடல் மயக்கத்தில் ஆள் வாடிப்போவார், ஆனால் கேட்டதற்குப் பதில் சரியாக வரும். தாழ்சர்க்கரையில் பேச்சு குழறும், நடத்தை மாறும், சிலர் காரணமில்லாமல் எரிந்து விழுவார்கள். சந்தேகமாக இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிடலாம். கடல் மயக்கமாகவே இருந்தாலும் அதனால் கெடுதல் இல்லை. 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் இன்னொரு முறை கொடுக்கலாம். நினைவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். கிளிமிபிரைடு வகை மாத்திரைகளின் வேகம் பல மணி நேரம் இருக்கும் என்பதால், தெளிந்தவர் மறுபடி மயங்கலாம். அதனால் தெளிந்துவிட்டார் என்று திரும்பவும் கடலுக்குள் போகாமல் மருத்துவரிடம் வந்துவிட வேண்டும்.

சாப்பிடாமல் போவதாக இருந்தால் காலை மாத்திரையை, இன்சுலினை என்ன செய்வது என்று முந்தின நாளே உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்வேன். வெறும் வயிற்றில் குமட்டல் குறையாது, கூடும். வாந்திக்கு மாத்திரை போட்டால் தூக்கம் வரும், திரும்பும்போது நீங்கள் வண்டி ஓட்டக்கூடாது.

அடுத்தது முள். பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். கரையோரம் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்று தூண்டில் வீசுகிறவர்கள் உண்டு. மணலுக்குள் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் அது வாலைச் சொடுக்கும். வாலில் இருப்பது வெறும் முள் இல்லை. ரம்பம் போலப் பல் உள்ளது, விஷமும் உண்டு. காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்தபடி நடந்தால் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். கெளுத்தியைத் தூண்டிலிலிருந்து கழற்றும்போது முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று மூன்று முட்களையும் பார்த்துக் கழற்றுங்கள். ஓரா மீனின் முள்ளிலும் விஷம் உண்டு.

குத்திவிட்டால் வெந்நீர்தான் முதல் வைத்தியம். இந்த விஷம் சூட்டில் வலுவிழக்கும். தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், 30 முதல் 90 நிமிடம் வரை முக்கி வைக்கவேண்டும். படகில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருந்தால் கடல்நீர் கலந்து பதமாக்கிக்கொள்ளலாம். சூட்டைக் குத்துப்பட்ட காலால் பார்க்காதீர்கள், படகுக்காரரைக் கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போன ஒருவர் தானே சூடு பார்த்துக் காலை வைத்தார். திருக்கை முள் குத்திய காயம் பத்து நாளில் ஆறியது. வெந்நீர் பட்டுக் கொப்பளித்த இடம் ஆற இரண்டு மாதம் ஆயிற்று. அவருடைய பாதத்தை ஒவ்வொரு வாரமும் கட்டுப் பிரித்துப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

சுண்ணாம்பு வைக்காதீர்கள், கயிறு கட்டாதீர்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ முள் ஏறியிருந்தால் பிடுங்கவே கூடாது, அப்படியே மருத்துவமனைக்குப் போகவேண்டும். வலி நின்றாலும் டெட்டனஸ் ஊசிக்கும், உள்ளே முள் துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்கும் வந்தாக வேண்டும்.

சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். வெதுவெதுப்பான கடல்நீரில் விப்ரியோ என்ற கிருமி வகை இருக்கிறது. சின்னக் கீறல் வழியாக உள்ளே போய், சில மணி நேரத்தில் சிவப்பு பரவி, ரத்தம் கோத்த கொப்பளம் எழும்பலாம். விடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் காலை, சில நேரம் உயிரையே இழக்க நேரிடும். அன்றிரவே வாருங்கள்.

அந்த தை மாத நோயாளிக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன். இப்போது கடலுக்குப் போகிறேன் என்று சொல்லும் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறேன். இரை வைக்கும் டப்பாவின் மூடியில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளவும், படகு கிளம்பும் முன் படகுக்காரருக்கு ஒருமுறை சத்தமாகப் படித்துக் காட்டவும் சொல்கிறேன்:

"எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. காலையில் மாத்திரை போட்டிருக்கிறேன். நான் உளறினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ பையின் முன்பக்கம் இருக்கும் சர்க்கரையைக் கொடுத்துவிட்டுக் கரைக்குத் திருப்புங்கள். கரையிலிருந்து 108. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல்படை 1554. வீட்டு போன் எண் கீழே."