தௌ: ஆங்கிலம் கைவிட்ட ‘நீ’

பழைய ஆங்கிலக் கவிதையையோ 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தையோ முதன்முறையாகப் படிப்பவர், ‘தௌ’ (thou) என்னும் சொல்லைக் கண்டதும் அது பெரியோரையும் இறைவனையும் பணிவோடு விளிக்கும் சொல் என்று எண்ணிக்கொள்வதுண்டு. அந்த எண்ணத்தில் அதைத் ‘தாங்கள்’ என்று மொழிபெயர்ப்பதும் உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது. ‘தௌ’ முன்னிலை ஒருமைப் பெயர். அதற்கு நேரான தமிழ்ச் சொல் ‘நீ’.

பழைய ஆங்கிலத்தில் இது ‘தூ’ என்று ஒலித்தது. இலத்தீனின் ‘தூ’, ஜெர்மனின் ‘டூ’, இந்தியின் ‘தூ’, சமஸ்கிருதத்தின் ‘துவம்’ ஆகிய அனைத்தும் இதன் உடன்பிறப்புகள். நம் காதுக்கு நன்கு பழகிய ‘தத்துவமசி’ என்னும் தொடரைப் பிரித்தால் தத், துவம், அசி, அதாவது ‘அது நீ ஆகிறாய்’ என்று வரும். அதன் நடுவே நிற்கும் ‘துவம்’ என்பதும் ஆங்கிலத் ‘தௌ’ என்பதும் ஒரே வேரில் முளைத்தவை. தமிழின் ‘நீ’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கன்னட ‘நீனு’, மலையாள ‘நீ’ ஆகியவற்றோடு இனம் சேரும் திராவிடச் சொல் அது.

ஒருவரை விளிக்கத் ‘தௌ’, பலரை விளிக்க ‘யீ’ என்பதே தொடக்கத்தில் ஆங்கில வழக்கு. இன்று எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட ‘யூ’, அந்த ‘யீ’ வேற்றுமை ஏற்கும்போது வந்த வடிவம். ‘உங்களை’, ‘உங்களுக்கு’ என்பவையே அதன் பழம்பொருள். 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், பிரெஞ்சு வழக்கின் செல்வாக்கால், உயர்ந்தோர் ஒருவரைப் பன்மையால் விளிக்கும் பழக்கம் பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்திலும் வேரூன்றியது. பன்மையாக இருந்த ‘நீர்’ நம்மிடம் மரியாதை ஒருமையானதும், பின்னர் ‘கள்’ விகுதி ஏற்ற ‘நீங்கள்’ அந்த இடத்துக்கு வந்ததும் இதே போக்குத்தான். ஆனால் நாம் ‘நீ’யை இழக்கவில்லை, ஆங்கிலத்தில் மரியாதைப் பன்மை பரவிப் பரவி, ஒருமையே பொதுவழக்கிலிருந்து மறைந்துபோனது.

மறைவதற்கு முன் அச்சொல்லுக்கு இருந்த கூர்மையை 1603இல் இங்கிலாந்தின் வின்செஸ்டரில் நடந்த விசாரணை ஒன்றில் காணலாம். அரசத் துரோகக் குற்றம் சுமத்தப்பட்டு நின்ற கடலோடியும் கவிஞருமான சர் வால்டர் ராலேயை நோக்கி, அரசுத் தலைமை வழக்கறிஞர் எட்வர்டு கோக், “உன்னை ‘நீ’ என்றே அழைக்கிறேன், துரோகியே!” என்று முழங்கினார். அவர் ‘தௌ’ என்பதையே வினைச்சொல்லாகவும் ஆண்டார். ‘ஒருமையில் பேசினார்’ என்று நாம் குறைப்பட்டுக்கொள்கிறோமே, அதே அவமதிப்புத்தான் அது. சில பத்தாண்டுகளுக்குப் பின் ஜார்ஜ் ஃபாக்ஸ் வழிவந்த குவேக்கர்கள் என்னும் கிறித்தவப் பிரிவினர், கடவுள் முன் அனைவரும் சமம் என்னும் கொள்கையால் நீதிபதியையும் ‘தௌ’ என்றே விளித்துப் பலருடைய சினத்துக்கு ஆளானார்கள்.

அப்படியானால் விவிலியம் இறைவனை அவ்வாறு விளிப்பது எப்படி? எபிரேயமும் கிரேக்கமும் ஒருமை பன்மையைத்தான் வேறுபடுத்தின, மரியாதையை அன்று. அந்த வேறுபாட்டைக் காக்கவே மொழிபெயர்ப்பாளர்கள் ‘தௌ’, ‘யீ’ இரண்டையும் ஆண்டார்கள். அன்றாடப் பேச்சில் வழக்கொழிந்து வழிபாட்டில் மட்டும் நிலைத்ததால், பிற்காலத்தார் காதில் அது உயர்ந்த சொல்லாக ஒலிக்கத் தொடங்கியது.

தமிழ் விவிலியம் இங்கே வேறு வழி சென்றது. இறைவன் மனிதனுக்கு இடும் கட்டளை ‘கொலை செய்யாதிருப்பாயாக’ என்று ஒருமையிலும், மனிதன் இறைவனிடம் வேண்டுவது ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்று ‘நீர்’ என்பதன் வடிவிலும் அமைந்துள்ளன. ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான். ஆகவே கிறித்தவ வேண்டுதல்களைப் பெயர்க்கும்போது ‘நீர்’ என்பது மரபு. மற்ற இடங்களில் ‘நீ’ என்பதே பொருந்தும். இறைவனை ‘நீ’ என்று உரிமையோடு அழைத்த தேவாரம் நமக்கு இருக்கையில், அதில் தயங்க ஒன்றுமில்லை.

இதன் மற்ற வடிவங்களில் ‘தீ’ என்பது உன்னை, உனக்கு. ‘தை’ என்பது உன். ‘தைன்’ என்பது உன்னுடையது. மூலத்தின் பழமை தமிழிலும் தெரிய வேண்டுமானால், சங்கப் பாடல்கள் ஆண்ட ‘நின்’, ‘நின்னை’, ‘நினக்கு’ ஆகியவை கைகொடுக்கும்.