சுத்தமான தேன்தான், ஆனாலும் குழந்தைக்கு வேண்டாம்

இந்த வாரமும் ஒரு கைக்குழந்தை. மூன்று மாதம். நான்கு நாளாக மலம் கழிக்கவில்லை என்று தாராவியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். "இளகட்டும் என்று உரை மருந்தைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினேன், டாக்டர்" என்றார் பாட்டி. பையிலிருந்து பாட்டிலையும் எடுத்துக் காட்டினார். கொல்லிமலைத் தேனாம், கலப்படமே இல்லையாம். நல்லவேளை, குழந்தை வலுவாகப் பால் குடித்தது, காலை உதைத்தது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளை சில நாள் மலம் கழிக்காமல் இருப்பது சாதாரணம்தான். ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இப்படியே அமைந்துவிடுமா?

ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. பிறந்த பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்கிறோமே, அந்தச் சேனைக்கும் கூடாது.

"சுத்தமான தேன்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நான் கலப்படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கிளாஸ்டிரிடியம் போட்டுலினம் மண்ணில் வாழும் பாக்டீரியா. அதன் வித்துகள் தூசியோடும் தேனீயோடும் கூட்டுக்குள் போய்ச் சேர்கின்றன. மலைத்தேன், கொம்புத்தேன், கடைத்தேன் எதுவும் விலக்கில்லை. நிறமோ சுவையோ மாறாது. கொதிக்க வைத்தாலும் வித்து சாகாது; 121 டிகிரி செல்சியஸில் அழுத்த நீராவி வேண்டும். பெரியவர்களின் குடலில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் இந்த வித்துகளை முளைக்க விடுவதில்லை. பச்சிளங்குடலில் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கும். "நாங்களெல்லாம் தேன் நக்கி வளரவில்லையா?" வளர்ந்தீர்கள். எல்லாத் தேனிலும் வித்து இருப்பதில்லை, அதனால் வளர்ந்தீர்கள். எந்தப் பாட்டிலில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது.

நஞ்சு நரம்பிலேயே தங்கித் தசையை இயங்கவிடாமல் செய்யும். பெரும்பாலும் முதல் அறிகுறி மலச்சிக்கல். அதற்கு மருந்தென்று இன்னும் தேனைத் தடவுகிறோம்! பிறகு இமை பாதி மூடியே கிடக்கும். அழுகை முனகலாகும். உறிஞ்ச வலுவில்லாமல் பால் கடைவாயில் வழியும். தூக்கினால் தலை துவளும். பொதுவாகக் காய்ச்சல் இருக்காது, அதனால் "சமர்த்தாகத் தூங்குகிறான்" என்று விட்டுவிடுகிறார்கள். மூச்சுத் தசைக்கு இறங்கிவிட்டால் வாரக்கணக்கில் வென்டிலேட்டர். சக மருத்துவர்களுக்கு ஒரு சொல்: துவண்ட குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை எழுதுமுன் தேன் கொடுத்தார்களா என்று கேட்டுவிடுங்கள். இந்த நஞ்சு ஏறிய குழந்தைக்கு அந்த மருந்து தசைத் தளர்ச்சியைக் கூட்டிவிடும்.

சூப்பானைத் தேனில் தோய்க்காதீர்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் போதும், உரை மருந்தும் வேண்டாம். சேனை வைக்காமல் மனம் ஆறாது என்றால், அம்மா, அந்தத் தாய்ப்பாலையே தொட்டு வையுங்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? பதற வேண்டாம். ஆனால் இமையோ அழுகையோ பால் குடிப்பதோ மாறினால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். காலத்தில் வந்த குழந்தைகளில் பெரும்பாலோர் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். தேன் கொடுத்ததை மட்டும் மாமியாருக்கோ மருமகளுக்கோ பயந்து மறைக்காதீர்கள்.