சுமைதாங்கு சுவர்

"சார், அது லோடு பேரிங் செவுரு. கை வெக்காதீங்க."

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டுச் சமையலறையைப் பார்த்துவிட்டு மேஸ்திரி சொன்னது இவ்வளவுதான். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் நிற்கிற சுவரில் ஆறடி அகலத்துக்குத் திறந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட வேண்டும் என்பது மாமாவின் ஆசை. ஆள் வைக்காமல் தானே செய்துவிடலாம் என்று உடைக்கிற மெஷினை நாள் வாடகைக்கு எடுத்தும் வந்துவிட்டார். மேஸ்திரி போன பிறகு என்னிடம் கேட்டார்: "பேரிங்னா மோட்டார்ல இருக்குமே, அதுவா? செவுத்துல ஏதுடா பேரிங்?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. நம் பேச்சில் பேரிங் என்றால் சைக்கிள் சக்கரத்திலும் தண்ணீர் மோட்டாரிலும் இருக்கிற குண்டு வளையம். லோடு என்றால் லாரியில் ஏற்றுவது. இரண்டையும் சேர்த்துச் சுவருக்கு முன்னால் ஒட்டினால் கட்டட வேலைக்கு வெளியே இருப்பவருக்கு ஒன்றும் விளங்காது. எச்சரிக்கை சரியான நேரத்தில் சரியான ஆளிடமிருந்து வந்தது. சொல் மட்டும் போய்ச் சேரவில்லை. வீட்டுச் சுவரில் தாங்களே கை வைக்கிறவர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் அது சின்ன விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் பொருள். தன் எடையோடு கூரை, தளம், மாடிச் சுவர் ஆகியவற்றின் எடையையும் வாங்கி அடித்தளத்துக்கு இறக்கிவிடும் சுவரே லோடு பேரிங் சுவர். இடத்தைப் பிரித்துவிட்டுத் தன் எடையோடு மட்டும் நிற்பது பார்ட்டிஷன் சுவர். அதற்கு இடைச்சுவர் என்ற நல்ல சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. எடை என்றால் எவ்வளவு? கம்பி கட்டிய கான்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 2,500 கிலோ. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு ஐந்து அங்குலத் தளம் என்றால் கிட்டத்தட்ட 3 டன். அதன் மேல் தட்டோடு பதித்து, மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் நீர் மட்டுமே இன்னொரு டன். இத்தனையும் அந்தரத்தில் நிற்பதில்லை. கூடத்தில் உட்கார்ந்து நாம் முதுகு சாய்க்கிற சுவர்கள் வழியாகத்தான் மண்ணுக்குப் போகிறது.

இனி அந்த அந்நியச் சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தின் பழைய வடிவத்தில் 'லோடு' என்பதற்கு வழி, பயணம், கொண்டுசெல்லுதல் என்றுதான் பொருள். கொண்டுபோகும் பொருளையும் அதன் பாரத்தையும் குறிக்கும்படி அது பிறகு மாறியது. இன்றைக்கும் ஒரு கட்டடப் பொறியாளர் வீட்டுக்குள் நுழைந்ததும் தேடுவது சுமை இறங்கும் வழியைத்தான். 'பேரிங்' என்பதன் வேர் தாங்கு, சும என்ற பொருளுடைய வினை. அதே இந்தோ ஐரோப்பிய வேரிலிருந்து வடமொழியில் பிறந்ததுதான் நாம் அன்றாடம் சொல்லும் பாரம். பேரிங்கும் பாரமும் தூரத்து உறவு என்று சொன்னபோது மாமா நம்பவே இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு பெயரும் காதில் விழுந்திருக்கலாம். பிரெஞ்சில் இந்தச் சுவர் 'ம்யூர் போர்த்தர்'. போர்த்தர் என்றால் சுமப்பவர். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குகிற போர்ட்டரும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். ஆனால் சுமப்பதும் தாங்குவதும் தமிழில் ஒன்றல்ல. சுமப்பவர் நடப்பார், களைப்பார், இறக்கி வைப்பார். தாங்குவது நின்ற இடத்தில் நிற்கும். தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் ஏரிக்கும் தாங்கல் என்று பெயர். வேடந்தாங்கல் நினைவுக்கு வரும். சுவருக்குப் பொருந்துவது தாங்குதல்தான்.

தாங்கு சுவர் என்று மட்டும் சொன்னால் போதாதா? போதாது. மேட்டு மண் சரியாமல் பக்கவாட்டில் அணைத்து நிற்கும் சுவரையும் தாங்குசுவர் என்று எழுதுகிறார்கள். அது வேறு வேலை, வேறு கணக்கு. பளு தாங்கும் சுவர், பாரம் தாங்கும் சுவர் என்றும் எழுதுவதுண்டு. பொருளில் குறை இல்லை. நான் சுமைதாங்கு சுவர் என்பதைப் பிடித்துக்கொள்ள இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று இலக்கணம். தாங்கு சுவர் என்பது வினைத்தொகை. தாங்கிய சுவர், தாங்குகிற சுவர், தாங்கும் சுவர் என்று மூன்று காலமும் அதற்குள் கரந்து நிற்கின்றன. பாட்டனார் கட்டிய ஓட்டைத் தாங்கியது, அப்பா போட்ட தளத்தைத் தாங்குகிறது, நாளை மகன் எழுப்பப்போகும் மாடியையும் தாங்கியாக வேண்டும். ஒரு சுவரின் வாழ்க்கையை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது?

இன்னொன்று சுமைதாங்கிக் கல். பழைய சாலையோரங்களில் இன்றும் சில இடங்களில் அது நிற்கிறது. ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை அதன் மேல் தள்ளி வைத்து இளைப்பாறலாம். குனியாமல் மறுபடி தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வயிற்றுச் சுமையை இறக்காமலே கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டு வைப்பது அந்நாளைய வழக்கம். ஒரு துயரத்தை ஊருக்கு உதவியாக மாற்றிய அந்த மனதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

அந்தக் கல்லையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நட்ட கல் இரண்டும் சுவர், கிடக்கும் கல் லிண்டல். கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே கொத்தனார் போடுகிற லிண்டல் செய்வதும் அதுதான்: நடுவில் வரும் சுமையை இருபுறமும் பிரித்துக் கால்களுக்கு அனுப்புவது. நட்ட கல்லில் ஒன்றைப் பிடுங்கிவிட்டு மேல்கல் நிற்குமா என்று எந்தக் குழந்தையும் கேட்காது. மாமாவிடம் இதைத்தான் சொன்னேன். "அப்ப இது சுமைதாங்கியா?" என்று சுவரைத் தொட்டுப் பார்த்தார். மேஸ்திரி சொன்னது அப்போதுதான் அவருக்குள் இறங்கியது.

சுமையோடு பிறந்த இன்னொரு சொல் சும்மாடு. தலைக்கும் பானைக்கும் நடுவில் வைக்கும் துணிச்சுருள். பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கப் போகும் ஆய்மகள் பானையைப் பூஞ்சுமட்டின் மேல் வைத்துப் போகிறாள். அந்தச் சுமடுதான் இது. உத்தரம் சுவரில் உட்காரும் இடத்தில் சுமை ஒரே புள்ளியில் அழுத்திச் செங்கல்லை நொறுக்காமலிருக்க ஒரு கான்கிரீட் கட்டை போடுவார்கள், பெட் பிளாக் என்று பெயர். அதைச் சும்மாடு என்றே சொல்லலாம். செய்கிற வேலை அச்சு அசல் அதேதான்.

ஒரு சுவர் சுமைதாங்கு சுவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடலூரிலும் புதுச்சேரியிலும் பலர் சொல்வது ஒரே விடை: ஒன்பது இஞ்ச் என்றால் தாங்கும், நாலரை இஞ்ச் என்றால் வெறும் தடுப்பு. இதை நம்பி உடைக்காதீர்கள். தூணும் உத்தரமும் வைத்துக் கட்டிய வீட்டில் ஒன்பது இஞ்ச் சுவர் வெறும் அடைப்பாக இருக்கலாம். பழைய வீட்டில் நாலரை இஞ்ச் சுவர் மேலே ஒரு தளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்வதும் வீண்.

தேட வேண்டியது சுமை இறங்கும் வழியை. புதுச்சேரியின் பழைய வீடுகளில் இது கண்ணுக்கே தெரியும். அங்கே இருப்பது மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வரிசை வைத்து, அவற்றின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் பாவி, அதற்கு மேல் செங்கல் ஜல்லிக் காரை இடித்து, தட்டோடு பதித்த கூரை. அண்ணாந்து பாருங்கள். கட்டைகளின் முனை எந்த இரண்டு சுவர்களுக்குள் நுழைகிறதோ அவை சுமைதாங்கிகள். கட்டை ஓடும் திசையிலேயே ஓடுகிற சுவர் அந்தக் கூரையை வாங்குவதில்லை. கான்கிரீட் தளத்தில் இப்படிப் பார்த்துச் சொல்ல முடியாது; கம்பி பூச்சுக்குள் மறைந்திருக்கும், சதுர அறையின் தளம் நான்கு சுவர்களிலும் உட்கார்ந்திருக்கும். மாடிச் சுவர் கீழ்ச்சுவருக்கு நேர் மேலே வருகிறதா என்று அளந்து பார்க்கலாம். அதற்கு மேல் பொறியாளரைக் கூப்பிடுவதுதான் வழி.

சுமை வாங்காத குறுக்குச் சுவரும் சும்மா நிற்பதில்லை என்பதைக் கடற்கரை ஊர்க்காரர்கள் மறக்கக் கூடாது. நீண்ட சுவர் பக்கவாட்டில் அசையாமல் அதுதான் பிடித்துக்கொள்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இரண்டு ஊரும் குலுங்கின. 2014 நவம்பர் மழையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் 'மேரி' என்று அழைக்கப்பட்ட பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தது. வெயில் நாளில் உறுதியாகத் தெரிகிற சுவரைப் பார்த்து முடிவெடுக்கிற ஊர் இதுவல்ல.

சுவரை உடைக்காவிட்டாலும் காடி எடுப்பது, அதாவது குழாய் பதிக்கச் சுவரில் நீளப் பள்ளம் வெட்டுவது, எல்லோர் வீட்டிலும் நடக்கிறது. கட்டிங் மெஷினை எடுத்து வயர் பைப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நாமே கோடு கிழித்துவிடுகிறோம். செங்கல் சுவர்களுக்கான இந்தியத் தரநிலை (அதன் எண் 1905) சொல்லும் அளவு நினைவில் வைத்துக்கொள்ள எளிது: சுமைதாங்கு சுவரில் மேலிருந்து கீழாகப் போகும் காடி சுவரின் பருமனில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, கிடையாகப் போவது ஆறில் ஒரு பங்கு. ஒன்பது அங்குலச் சுவரில் நேர்க்காடி மூன்று அங்குலம், கிடைக்காடி ஒன்றரை அங்குலம். நாலரை அங்குலச் சுவர் சுமை தாங்குகிறது என்றால் அதில் காடியே கூடாது. கிடைக்காடிக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? சுமை மேலிருந்து கீழே வருகிறது. கிடையாக வெட்டினால் அது வருகிற பாதையையே நீளத்துக்கும் குறுக்கே அறுக்கிறோம். ஒரே உயரத்தில் சுவரின் இருபக்கமும் காடி எடுத்தால் நடுவில் மிஞ்சுவது எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

டிவிக்காகச் சுவரில் குழி வெட்டுவதும் இப்படித்தான். நம் பழைய வீடுகளில் விளக்கு வைக்கும் மாடம் இருந்ததே என்று கேட்பார்கள். மாடம் சுவரோடு சேர்ந்து கட்டப்பட்டது. அதன் தலை வளைந்தோ கூம்பியோ இருப்பது அழகுக்காக மட்டும் அல்ல, மேலே உள்ள செங்கல் இருபுறமும் சாய்ந்து சுமையைத் தள்ளிவிடத்தான். பின்னால் வெட்டுகிற சதுரக் குழிக்கு அந்த வளைவு கிடையாது. ஓரடி அகலத்தைத் தாண்டினால் அதற்கும் லிண்டல் வேண்டும்.

சுவரைத் திறந்தே ஆக வேண்டுமென்றால் திறக்கலாம். பொறியாளர் கணக்குப் போட்டு, இருபுறமும் தளத்துக்கு முட்டுக் கொடுத்து, இரும்பு உத்தரமோ கான்கிரீட் உத்தரமோ ஏற்றி, அதன் இரு முனையும் சும்மாடு வைத்த சுவரில் நன்றாக உட்கார்ந்த பிறகு கீழே உடைப்பார்கள். கான்கிரீட் உத்தரம் என்றால் ஆறு மீட்டர் நீளம் வரைக்கும் 14 நாள் முட்டுகளை எடுக்கக் கூடாது. முட்டுக்கு இந்தக் கரையில் சவுக்குக் கட்டைக்குக் குறைவில்லை. எத்தனை கட்டை, எங்கே என்பதைத்தான் தெரிந்தவர் சொல்ல வேண்டும். முதலில் உடைத்துவிட்டுப் பிறகு முட்டுத் தேடினால், மிஞ்சுவது குட்டிச்சுவர். கூரையை இழந்து எதையும் தாங்காமல் நிற்கும் சுவருக்கு நம் மக்கள் வைத்த பெயர் அது.

மாமா மெஷினை அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து, ஆறடி வேண்டாம், மூன்றரை அடி திறக்கலாம் என்று வரைந்து கொடுத்தார். அந்த வரைபடத்தின் நகல் இப்போது மின்மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. அதில் மூன்று சுவர்களின் மேல் சிவப்புப் பேனாவால், மாமாவின் கையெழுத்தில், 'சுமைதாங்கு சுவர்' என்று எழுதியிருக்கிறது.