ஜோஹானஸ்பர்க் ஏறினால் மூச்சு வாங்கும் செடான்

தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பாவின் பழைய பிஎம்டபிள்யூ 325ஐஎஸ் டர்பனில் சீறும். என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் மலைக்கணவாய் ஏறி ஜோஹானஸ்பர்க் பக்கம் போனால் சோர்ந்துவிடும். தம்பியின் டர்போ செடானுக்கு மட்டும் மேடும் கடற்கரையும் ஒன்றாகவே இருக்கிறதே, எப்படி?"

இரண்டும் வேறு வேறு வேலைக்காகப் பிறந்தவை. 1980களில் பல வேகக் கார்களைப் பிறப்பித்தது பந்தய விதி. விற்பனைக் கார்களை மாற்றியமைத்து ஓட்டும் குரூப் ஏ பந்தயத்தில் ஓட வேண்டுமா, அந்த மாடலில் 5,000 கார் செய்தாக வேண்டும். பிஎம்டபிள்யூவின் முதல் எம்3 அப்படி வந்தது. ஸ்டியரிங் இடப்பக்கம் மட்டும் என்பதால் அது நமக்குக் கிடைக்கவில்லை. பதிலுக்கு இங்கேயே, அதிகம் மாற்றாத கார்கள் ஓடும் உள்ளூர் குரூப் என் பந்தயத்தை மனதில் வைத்து, 2.7 லிட்டர், 145 கிலோவாட் 325ஐஎஸ் வந்தது. டவுன்ஷிப்களில் அதன் செல்லப்பெயர் 'குஷெஷே'; அந்தப் பெயருக்கு இன்றும் தனி மரியாதை.

சரி, மூச்சுக்கு வருவோம். எஞ்சின் காற்றை உறிஞ்சுகிறது என்கிறோம். உண்மையில் பிஸ்டன் கீழே இறங்கி இடம் விடுகிறது, அவ்வளவுதான். உள்ளே காற்றைத் தள்ளுவது வெளியே இருக்கும் வளிமண்டலம். ஜோஹானஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரம். அங்கே தள்ளும் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 83 சதவீதம். காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறையும். அப்பா காரின் 145 கிலோவாட் அங்கே சுமார் 120 ஆகிவிடும். பழுது எதுவும் இல்லை. பானெட்டைத் திறந்து எலுமிச்சம்பழம் சுற்றினாலும் திரும்பி வராது. புது வண்டிக்கு டயருக்கடியில் வைப்பதோடு எலுமிச்சையை விட்டுவிடலாம்.

டர்போவின் அழகு இங்கேதான். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. கடற்கரையில் காற்றின் அழுத்தம் சுமார் 1 பார்; எஞ்சினுக்கு 1.8 பார் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். டர்பனில் காற்றை 1.8 மடங்கு அமுக்கினால் போதும். ஜோஹானஸ்பர்க்கில் கிட்டத்தட்ட 2.2 மடங்கு. அழுத்தம் குறைகிறது என்று சென்சார் சொன்னதும் கணினி, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ட்கேட் கதவை இன்னும் சாத்துகிறது. தப்பிப் போயிருக்கும் புகையும் இப்போது சக்கரத்தின் மேல் பாய, அது இன்னும் வேகமாகச் சுழல்கிறது. அப்புறம், சைலன்சர் பக்கம் எதிர்த்து நிற்கும் காற்றும் மெல்லியது, அதுவும் உதவி. சக்கரத்தின் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு, அதுவரை ஓட்டுநருக்கு வித்தியாசமே தெரியாது.

இன்றைய வேக செடானின் நோக்கமும் அதுதான்: எந்த ஊரிலும், எந்த ஓட்டுநருக்கும் ஒரே மாதிரி சக்தி. 1985இன் பிஎம்டபிள்யூ எம்5 செடானுக்கு 286 குதிரைத்திறன். இப்போதைய ஹைபிரிட் எம்5க்கு 727, எடை 2.4 டன்னுக்கு மேல். அதன் மின்மோட்டாருக்குக் காற்றே வேண்டாம். எனக்கென்னவோ, மலை ஏறும்போது மூச்சு வாங்கிக் காட்டும் காரோடுதான் பேச முடிகிறது.

தம்பிக்கு ஒரு சொல். கடலோரம் தாண்டிய மேட்டுப்பகுதி பெட்ரோல் பங்க்குகளில் 93 ஆக்டேன் பெட்ரோல் விற்பதே, மெல்லிய காற்றில் பழைய எஞ்சின்கள் எளிதில் 'நாக்' அடிக்காது (உள்ளே பெட்ரோல் தானாக வெடித்துத் தட்டாது) என்பதால். டர்போ அந்த மெல்லிய காற்றையே இல்லாமல் செய்துவிடுகிறது. பெட்ரோல் மூடியில் 95 என்று ஒட்டியிருந்தால், மேட்டில் இருக்கும் ஹாரிஸ்மித்திலும் 95தான் போட வேண்டும்.