கஞ்சி கொட்டின கையில் வாஸ்லின் எதற்கு?

போன சனிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கப் போன நேரத்தில், நாலு வயதுப் பெண்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா கடைக்கு ஓடி வந்தார். சோறு வடித்து வைத்திருந்த கஞ்சித்தண்ணியைப் பிள்ளை இழுத்துக் கையில் ஊற்றிக்கொண்டதாம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பளபளவென்று மின்னியது. கொப்புளம் என்று நினைத்துக் கிட்டே போய்ப் பார்த்தால் வாஸ்லின். ஒரு டப்பாவைக் காலி பண்ணி அப்பியிருந்தார். "உடனே போட்டுட்டேன் சேச்சி, ஒரு சொட்டுத் தண்ணி பட விடல்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது பாருங்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற வழியில் 22 வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்து ஆட்கள் அக்கா என்பார்கள், பாறசாலை, வெள்ளறடைப் பக்கமிருந்து வருகிறவர்கள் சேச்சி என்பார்கள். எப்படிக் கூப்பிட்டாலும் சூடுபட்ட கையோடு வருகிறவர்களில் பாதிப் பேர் எதையாவது பூசிக்கொண்டுதான் வருகிறார்கள். முன்பெல்லாம் பேனா மை, தோசை மாவு. அப்புறம் பற்பசை வந்தது. இப்போது வாஸ்லின். காரணம் கேட்டால் போனை எடுத்து நீட்டுவார்கள். வாஸ்லினுக்கு ஐம்பது ஆச்சரியப் பயன்கள் என்று ஒரு வீடியோ. அந்த ஐம்பதில் இருபது நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. மிச்சத்தில் சிலதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

முதலில் சூடுபட்ட காயம். இதை எத்தனை தடவை சொன்னாலும் சரி, மறுபடியும் சொல்வேன். சூடான தண்ணீரோ எண்ணெயோ பட்ட உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான், பைப்பைத் திறந்து ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவது. இரண்டு நிமிடம் காட்டிவிட்டு "காட்டினேன்" என்று சொல்லக்கூடாது. கடிகாரத்தைப் பார்த்து 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பைப்பில் தண்ணீர் வரவில்லையா, குடத்திலிருந்து மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருங்கள். மோதிரம், வளையல், அரைஞாண் எதுவானாலும் வீங்குவதற்கு முன் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிக்கொண்ட துணியை மட்டும் பிய்த்து எடுக்காதீர்கள். "தண்ணி பட்டால் கொப்புளம் வரும்" என்று நம் வீடுகளில் ஒரு பேச்சு இருக்கிறது, அந்தப் பேச்சினால் வெந்த தோல்களுக்குக் கணக்கே கிடையாது. கொப்புளத்தைக் கொண்டுவருவது சூடு. அடுப்பை அணைத்த பிறகும் சோறு வேகிறதில்லையா, அப்படித்தான் தோலும். கஞ்சி கீழே வழிந்து போனாலும் உள்ளே போன சூடு வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதை வெளியே இழுக்கத் தண்ணீரால் முடியும். அரைமணி நேரம் தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம், மூன்று மணி நேரத்துக்குள் எப்போது காட்டினாலும் பலன் உண்டு.

அந்த நேரத்தில் வாஸ்லினை அப்பினால் என்ன ஆகும்? தண்ணீர் தோலைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு ஓடும். நான் அந்தப் பிள்ளையைக் கடைக்குப் பின்னால் பைப்படியில் உட்கார வைத்துக் கையைக் காட்டினால், தண்ணீர் சேம்பிலையில் உருளுகிற மாதிரி உருண்டு போகிறது. துடைத்து எடுக்கலாம் என்றால் வெந்த தோலைத் தொட முடியுமா? பிள்ளை போட்ட சத்தம் எதிர்க் கடை வரைக்கும் கேட்டது. ஒரு வழியாக நனைத்து, சுத்தமான துணியைத் தளர்வாகப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கேயும் டாக்டர் காயம் எவ்வளவு ஆழம் என்று பார்க்க முதலில் இந்தப் பசையை எடுத்தாக வேண்டும். பிள்ளைகளுக்குச் சூடு பட்டால், சின்னதாகத் தெரிந்தாலும், தண்ணீரில் காட்டிவிட்டு டாக்டரிடம் போங்கள். கடைக்கு வர வேண்டாம். என் வியாபாரம் குறைந்தால் குறையட்டும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தேடினால் இதைக் கண்டுபிடித்தவரிடமே போய் நிற்கிறது. ராபர்ட் செஸ்ப்ரோ என்ற அமெரிக்க வேதியியலாளர் 1859-இல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய்க் கிணறுகளைப் பார்க்கப் போனார். பம்பு கம்பிகளில் கறுப்பாக மெழுகு மாதிரி ஒன்று படிந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தது. தொழிலாளிகள் அதைத் திட்டிக்கொண்டே சுரண்டி, வெட்டுக்காயத்துக்கும் சூட்டுக்காயத்துக்கும் தடவிக்கொண்டிருந்தார்கள். அவர் அதைச் சுத்தம் செய்யக் கற்று, 1872-இல் வாஸ்லின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். ஊர் ஊராகப் போய்த் தன் கையைத் தானே சுட்டுக்கொண்டு, ஜெல்லியைத் தடவி, பழைய காயம் ஆறியிருப்பதைக் காட்டி விற்றார் என்று சொல்வார்கள். விளம்பரத்துக்கு அவர் செய்ததை முதலுதவி என்று நாம் பிடித்துக்கொண்டோம். அவர் தினம் ஒரு ஸ்பூன் வாஸ்லின் தின்று 96 வயது வரை இருந்தார் என்றும் ஒரு கதை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 96 வயது வரை இருந்தது உண்மை. அதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் மலச்சிக்கலுக்கு எத்தனை ஸ்பூன் என்று என்னிடம் கேட்டார். அவருக்கு என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது.

சரி, இந்தப் பொருள்தான் என்ன? இது ஒரு மூடி. அவ்வளவே. இதில் மருந்து இல்லை, சத்து இல்லை, ஈரமும் இல்லை. தோலிலிருந்து தண்ணீர் ஆவியாகிப் போவதைக் கிட்டத்தட்ட முழுசாக அடைத்துவிடும். அந்த வேலையில் இதை மிஞ்ச ஆளில்லை. கீழே ஈரம் இருந்தால் ஈரத்தை மூடி வைக்கும், அழுக்கு இருந்தால் அழுக்கை மூடி வைக்கும். குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் லேசாக நனைந்திருக்கும்போது தடவினால் பித்தவெடிப்புக் குதிகாலுக்கு இதைவிட நல்ல மலிவான சாமான் என் கடையில் கிடையாது. காய்ந்து வறண்ட காலில் தடவிவிட்டு "ஒண்ணும் கேட்கல்ல" என்று வந்து நிற்காதீர்கள்.

கொல்லாங்கொட்டை, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆபீஸ்களுக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர் வருவார்கள். அந்தத் தோட்டு எண்ணெய் விரலைப் பொத்துக் கறுப்பாக்கிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ராத்திரி படுக்கும்போது தடவி, பழைய பருத்தி உறையோ சாக்ஸோ மாட்டிக்கொள்ளுங்கள். புண்ணே ஆகியிருந்தால் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். சக்கை (பலாப்பழம்) வெட்டும்போது கையில் ஒட்டுகிற பசைக்கு வாஸ்லின் வாங்க வருகிறவர்களும் உண்டு. அடுக்களையில் தேங்காயெண்ணெய் இருக்கிறது, வீட்டுக்குப் போங்கள்.

அடுத்தது படர்தாமரை. இரண்டு மழைக்காலம் உள்ள ஊர் நம்முடையது. விடியக்காலை ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகிறவர்களுக்குத் துணி காய்வதே இல்லை. இடுப்பிலும் தொடையிடுக்கிலும் வட்ட வட்டமாக வந்ததும் "வறட்சி" என்று வாஸ்லினைத் தடவுகிறார்கள். இது தோலில் வளர்கிற காளான் கிருமி. அதற்கு ஈரமும் மூடின இடமும் கிடைத்தால் கொண்டாட்டம். இதில் எங்கள் தொழில்மேலும் குற்றம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். ஸ்டீராய்டு கலந்த கிரீமைச் சீட்டு இல்லாமல் எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. அரிப்பு இரண்டு நாளில் நிற்கும், வட்டம் இரண்டு மாதத்தில் உடம்பெல்லாம் பரவும். ஆரம்ப வருடங்களில் நானும் கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளின் மூக்கு. தயவுசெய்து, மக்களே, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். சளி அடைத்த கைக்குழந்தையின் மூக்குக்குள் வாஸ்லினோ எண்ணெயோ விடாதீர்கள். அது தொண்டைக்கு இறங்கி, இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெயைக் கரைத்து வெளியேற்ற நுரையீரலுக்கு வழி இல்லை. அங்கேயே தங்கி ஒருவிதமான நிமோனியா வரும், சாதாரண நிமோனியா மருந்துக்கு அது கேட்காது. பாட்டி விட்டாள், அம்மா விட்டாள், நமக்கு ஒன்றும் ஆகவில்லை என்பீர்கள். ஆன பிள்ளைகள் வந்து சொல்ல மாட்டார்கள். உப்புத்தண்ணீர் மூக்குச் சொட்டு மருந்து விலை குறைவு, அதை வாங்குங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் பெரியவர்கள் மூக்கு காய்கிறது என்று இதைத் தடவுவதும் ஆபத்து, தீப்பிடித்தால் முகமே போகும். அதற்கு நீரில் கரைகிற ஜெல் தனியாக இருக்கிறது. தீ என்றதும் இன்னொன்று. டப்பாவில் இருக்கும்போது வாஸ்லினைக் கொளுத்தினாலும் சட்டென்று பற்றாது. துணியிலோ பஞ்சிலோ ஊறிவிட்டால் கதை வேறு, விளக்குத்திரி கணக்குதான். உடம்பு முழுக்கத் தடவுகிறவர்களின் நைட்டியிலும் படுக்கை விரிப்பிலும் ஊறி, அடுப்போ பீடியோ பட்டுச் செத்தவர்கள் உண்டு. பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. துணியைத் துவைத்தாலும் முழுசாகப் போகாது. கேஸ் அடுப்பு முன்னால் நிற்கும்போது ஞாபகம் இருக்கட்டும்.

ரப்பர் ஊரில் இருந்துகொண்டு ரப்பருக்கு வாஸ்லின் தடவுகிறவர்களை என்ன சொல்ல? ஒரு ரப்பர் பேண்டில் தடவி இரண்டு நாள் வைத்துப் பாருங்கள், ஊதிப்போய் வலுவிழந்திருக்கும். எண்ணெய்ப்பசை இயற்கை ரப்பரைத் தின்றுவிடும். குக்கர் வளையம் இறுகிவிட்டதென்று இதைத் தடவி இழுத்துப் போடாதீர்கள், புது வளையம் வாங்குங்கள். ஆணுறையோடு இதைச் சேர்க்கவே கூடாது, சில நிமிடத்தில் வலுவிழந்து கிழியும். இதைச் சொன்னால் கடையில் எல்லோரும் கூரையைப் பார்க்கிறார்கள். நான் கடைக்காரி, எனக்கு வெட்கம் கிடையாது.

நாயின்மேல் ஒட்டிய உண்ணிக்கு மூச்சுமுட்டட்டும் என்று தடவுவதும் வீண் வேலை. உண்ணி மூச்சு விடுவதே அபூர்வம், அது சாகிற வரை கடித்த இடத்தில் நோயை இறக்கிக்கொண்டிருக்கும். நுனி மெலிந்த இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

நல்ல பயன்களையும் சொல்லாவிட்டால் வீடியோக்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கடல்காற்றும் மழையும் சேர்ந்து துருப்பிடிக்கிற கேட்டுக் கீலுக்கு அருமையானது. பூட்டுக்குள் போடாதீர்கள், தூசி சேர்ந்து அடைக்கும், பென்சில் தூள் போதும். தலைக்கு டை அடிக்கும்போது நெற்றி ஓரமாகத் தடவினால் கறை பிடிக்காது. மெழுகுவர்த்தி ஸ்டாண்டின் குழிக்குள் லேசாகத் தடவிவிட்டால் உருகின மெழுகு கட்டியாகக் கழன்று வரும், சர்ச்சில் பணிவிடை செய்கிற கோயில்குட்டி ஒருவர் எனக்குச் சொல்லித்தந்த வித்தை. நகப்பூச்சு பாட்டில் மரையில் தடவினால் மூடி ஒட்டாது. தேன்பெட்டி வைக்கிறவர்கள் ஸ்டாண்டின் காலில் ஒரு வளையம் தடவி எறும்பை நிறுத்துகிறார்கள், அதே வேலையைச் சர்க்கரை அலமாரியின் காலிலும் செய்யலாம். தூசி படிந்ததும் எறும்பு அதன்மேல் நடந்து போகும், அப்போது துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும்.

இன்வெர்ட்டர் பேட்டரி முனையில் வெள்ளையாகப் பூக்காமல் இருக்கத் தடவுவதும் சரியான பயன்தான். ஆனால் அந்த டப்பா வேறு, உடம்புக்குத் தடவுகிற டப்பா வேறு. பேட்டரிக் கடையில் கிடைப்பது தொழிற்சாலைத் தரம். உடம்புக்கு வாங்கும்போது லேபிளில் ஐ.பி. என்று இருக்கிறதா பாருங்கள், இந்திய மருந்துத் தர நூலின்படி செய்தது என்று அர்த்தம். ஒரு வீட்டில் பேட்டரி முனையில் தொட்ட அதே விரலை அதே டப்பாவில் விட்டு, அதே டப்பாவிலிருந்து பேரக்குழந்தையின் இடுப்பு மடிப்புக்கும் தடவியிருக்கிறார்கள். அந்த வெள்ளைப் பொடியில் ஈயம் இருக்கிறது ஐயா! கேட்டபோது "ரெண்டும் வாஸ்லின்தானே" என்றார் தாத்தா. டப்பாமேல் பேனாவால் எழுதி வைக்க அரை நிமிடம் ஆகுமா?

சனிக்கிழமை வந்த அம்மா வியாழக்கிழமை மறுபடி வந்தார், பிள்ளை இல்லாமல், கையில் ஆஸ்பத்திரிச் சீட்டோடு. பாரஃபின் காஸ் எழுதியிருந்தார்கள். எடுத்துக் கொடுத்தேன். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வாஸ்லின் ஊறின துணிதானே சேச்சி?" என்றார்.

"ஆமாம்."

"அப்போ அன்னைக்கு எதுக்கு என்னை அத்தனை ஏசினீங்க?"

நியாயமான கேள்வி. சூடு இறங்கி, காயத்தைக் கழுவி, டாக்டர் பார்த்த பிறகு, கிருமி நீக்கின இந்தத் துணியைப் போடுவது, கட்டு மாற்றும்போது புதுத்தோலும் சேர்ந்து பிய்ந்து வராமல் இருப்பதற்காக, அன்றைக்குக் கை கொதித்துக்கொண்டிருந்தது, டப்பா குளியலறையில் எத்தனை மாதம் எத்தனை விரல் பட்டதோ தெரியாது என்றெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே நின்றார். பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்றேன், கொப்புளம் வற்றிவிட்டது, இடதுகையால் சோறு தின்னப் பழகிவிட்டாள் என்றார். காசைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கியவர் திரும்பி வந்து, குதிகாலுக்கு ஒரு சின்ன டப்பா வாஸ்லின் கேட்டார்.