வெப்பச்சலனம்: எல்லைப் பள்ளியில் இடறும் ஒரு சொல்

பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டத்தில் தமிழ்வழியில் அறிவியல் படிக்கும் பிள்ளைகள், வெப்பம் பரவும் மூன்று வழிகளையும் இரண்டு மொழிகளின் கலைச்சொற்களில் கேட்டுத்தான் வளர்கிறார்கள். தமிழில் வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு. மலையாளத்தில் சாலனம், சம்வஹனம், விகிரணம். சலனம், சாலனம் என்னும் இரண்டுக்கும் இடையே இருப்பது ஒரு நெடில் மட்டுமே. ஆனால் தமிழ்ச் சலனம் நீரோ காற்றோ தானே நகர்ந்து வெப்பத்தைச் சுமந்து செல்வதைக் குறிக்க, மலையாளச் சாலனம் பொருள் இடம்பெயராமல் வெப்பம் மட்டும் அதனூடே கடந்து செல்வதை, அதாவது நம் வெப்பக்கடத்தலைக் குறிக்கிறது. தமிழ்ப் புத்தகத்தைப் பள்ளியிலும் மலையாள வழிகாட்டி நூலைத் தனிப்பயிற்சி வகுப்பிலும் புரட்டும் மாணவர் இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டால், அதை அவருடைய கவனக்குறைவு என்று தள்ளிவிட முடியாது.

இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. அசைதல் என்னும் பொருள்கொண்ட 'சல்' என்ற வடமொழி வேரிலிருந்து சலனம் பிறந்தது. அது தானே அசைவது. சாலனம் என்பது அதன் பிறவினை; அசையச் செய்வது, செலுத்துவது. இதனால்தான் மலையாளத்தில் மின்கடத்தி சாலகம் ஆகிறது, குறைக்கடத்தி அர்த்தசாலகம் ஆகிறது. நம்முடைய கடத்தலும் இதே அமைப்பில் உருவானதுதான். 'கட' என்னும் தன்வினையிலிருந்து 'கடத்து' என்னும் பிறவினை. (வாளையாறு சோதனைச்சாவடியை ஒட்டி வாழ்பவர்களுக்குக் கடத்தல் என்றதும் ரேஷன் அரிசிதான் முதலில் நினைவுக்கு வரும் என்பது வேறு செய்தி.) குழப்பத்தை இன்னும் கூட்டுவதுபோல, மலையாள இயற்பியலில் சலனம் என்ற சொல்லும் உண்டு, அது நாம் இயக்கம் என்று சொல்வதைக் குறிக்கிறது.

சொல்லை எடைபோடுவதற்கு முன் நிகழ்வைப் பார்த்துவிடுவது நல்லது. நீர் வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும்; செம்பின் கடத்துதிறன் நீரினுடையதைப்போல் 600 மடங்குக்கு மேல். ஒரு சோதனைக் குழாயின் அடியில் பனிக்கட்டியை, மிதந்து வராதபடி கம்பிவலையால் அமுக்கி வைத்து, நீர் ஊற்றி, குழாயின் மேற்பகுதியை மட்டும் சூடேற்றினால், மேலே நீர் கொதிக்கும்போதும் அடியில் பனிக்கட்டி உருகாமல் கிடப்பதைக் காணலாம். அடுப்பில் வைத்த பாத்திரம் அடியிலிருந்து சூடாவதால்தான் அதிலுள்ள நீர் முழுவதும் சூடேறுகிறது. அடியில் சூடான நீர் விரிந்து அடர்த்தி குறைகிறது. சுற்றியுள்ள குளிர்ந்த, அடர்ந்த நீர் அதை மேலே தள்ளிவிட்டு அந்த இடத்துக்கு இறங்குகிறது. இறங்கிய நீரும் சூடாகி மேலேறுகிறது. நம் பகுதி வீடுகளில் குடிநீர் காய்ச்சும்போது போடும் பதிமுகச் சில்லு, அதாவது நீரைச் செந்நிறமாக்கும் மரத்துண்டு, இதைக் கண்ணுக்குக் காட்டும். கண்ணாடிப் பாத்திரத்தின் அடியில் ஒரு விளிம்போரமாக, ஊறித் தங்கிய ஒரு சில்லை விட்டு, அந்த விளிம்பின் கீழ் மட்டும் சிறு தீ வைத்தால், மெல்லிய செந்நிற இழையொன்று அங்கிருந்து கிளம்பி மேலேறி, நீர்ப்பரப்பில் மறுபக்கம் நோக்கி வளைந்து, கீழே இறங்கத் தொடங்குவதைக் காணலாம். நீர் முழுவதும் இளஞ்சிவப்பாக மாறிய பிறகு எதுவும் தெரியாது. ஆகவே தொடக்கத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

இந்நிகழ்வுக்குக் கன்வெக்‌ஷன் என்று ஆங்கிலத்தில் பெயரிட்டவர் இங்கிலாந்தின் மருத்துவரும் வேதியியலருமான வில்லியம் பிரவுட், ஆண்டு 1834. சேர்த்துச் சுமந்து செல்லுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லை அவர் எடுத்துக்கொண்டார். மலையாளத்தின் சம்வஹனம் அதற்கு உறுப்புக்கு உறுப்பு ஈடானது: 'சம்' என்றால் சேர்ந்து, 'வஹ்' என்றால் சுமந்து செல். வாகனம் என்று நாள்தோறும் நாம் சொல்வதும் இந்த வேரிலிருந்து வந்ததே. அந்த இலத்தீன் சொல்லின் வேரும் இதற்கு உறவுதான்.

வெப்பச்சலனம் என்ற சொல்லில் இந்தச் 'சுமத்தல்' இல்லை என்பதே என் குறை. வெப்பம் அசைகிறது என்று மட்டும் அது சொல்கிறது. அப்படிப் பார்த்தால் கடத்தலிலும் கதிர்வீச்சிலும் அசைவதும் வெப்பந்தானே? மூன்றுக்கும் பொதுவாக இருக்கத்தக்க பெயர் ஒன்றுக்கு மட்டும் உரியதாகிவிட்டது. கோடையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் காற்று வெப்பத்தைப் பக்கவாட்டில் கொண்டுவருகிறது. சொல்லின் பொருளை மட்டும் பார்த்தால் அதையும் வெப்பச்சலனம் என்றுதான் அழைக்க வேண்டும். ஆனால் வானிலை அறிஞர்கள் காற்றின் மேலெழுச்சியைத்தான் அப்பெயரால் குறிக்கிறார்கள். சித்திரை மாதத்து வெயிலில் தரை காய்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று மேலெழுந்து, உயரத்தில் குளிர்ந்து கருமேகமாகத் திரண்டு, மாலையில் இடியோடு பெய்கிறதே, அந்த மழையைத்தான் தமிழ்த் தொலைக்காட்சிகள் 'வெப்பச்சலனம் காரணமாக' என்று அறிவிக்கின்றன. மலையாளச் செய்திகளில் அது வெறும் வேனல்மழ. நம் வீட்டுப் பெரியவர்களுக்குக் கோடை மழை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் வேறு வழியில் சென்றன. அங்கே இதன் பெயர் மேற்காவுகை. காவுதல் என்பது சுமத்தல். காவடியில் நாம் காப்பாற்றி வைத்திருக்கும் அந்த வினை, இலங்கைப் பேச்சில் இன்றும் புழங்குகிறது. கருத்தளவில் இது வெப்பச்சலனத்தைவிடப் பலமடங்கு துல்லியமானது. ஆனால் 'மேல்' என்ற முன்னொட்டு எனக்கு உவப்பாக இல்லை. ஏறும் நீர் அளவுக்கு இறங்கும் நீரும் இதில் பங்கேற்கிறது. மின்விசிறியோ எக்கியோ தள்ளுவதால் நிகழும் வகையில் மேல் என்னும் திசைக்கே வேலையில்லை. மேலும், நம் பகுதிப் பிள்ளைகளின் காதில் காவு என்றால் முதலில் விழுவது கோயிலை ஒட்டிய மரக்கூட்டம். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் காவு கொடுப்பது.

என்னைக் கேட்டால், முன்னொட்டை நீக்கி வெப்பக்காவுகை என்று வைத்துக்கொள்வதே பொருளுக்கு நெருக்கமாக இருக்கும். ஆயினும் தேர்வுத்தாளும் வானிலை அறிக்கையும் ஏற்றுக்கொண்ட சொல் வெப்பச்சலனம் ஆகையால், மாணவர் அதையே எழுதட்டும். ஆசிரியர் அதைக் கரும்பலகையில் எழுதும்போது பக்கத்தில் சம்வஹனம் என்று எழுதி, கடத்தலுக்கு நேராகச் சாலனத்தையும் எழுதிவிட்டால் போதும். கதிர்வீச்சுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. விகிரணம் என்றதும் கிரணம் நினைவுக்கு வரும், அது கதிரேதான்.