பைபாலியம் கியூவென்சி: பிறைத்தலைத் தட்டைப்புழு

பூந்தொட்டியைத் தூக்கினால் அடியிலுள்ள ஈரத்தில் ஒரு சாணுக்கும் மேல் நீளமான புழு கிடக்கும். முதுகில் ஐந்து கருங்கோடுகள், தலை மட்டும் பிறைபோல் விரிந்திருக்கும். பலரும் இதை அட்டை என்கிறார்கள். அட்டைக்கு உடல் வளையங்களும் ஒட்டுறிஞ்சிகளும் உண்டு. இதற்கு இரண்டும் கிடையாது.

பைபாலியம் லத்தீன் சொல். 'பாலா' என்றால் மண்வாரி, 'பை' என்றால் இரண்டு. நிலத்தை ஆழக் கொத்த, காலால் மிதித்து இறக்கும் குறுக்குக்கட்டை வைத்த மண்வாரியை உரோமர்கள் இப்படி அழைத்தார்கள். தலையின் வடிவம் பார்த்து 1857இல் அமெரிக்க விலங்கியலாளர் ஸ்டிம்ப்சன் இப்பேரினத்துக்கு அப்பெயரை இட்டார். 'கியூவென்சி' என்றால் கியூவைச் சேர்ந்தது. லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் வெப்பக்கூடத்தில் கிடைத்த புழுவை 1878இல் ஆங்கிலேய இயற்கையியலாளர் மோஸ்லி விவரித்தார். இலங்கையின் நிலத் தட்டைப்புழுக்களை அறுத்து ஆராய்ந்தவரும் இவரே. ஆனால் கியூ இதன் சொந்த ஊரன்று. தென்கிழக்காசியப் புழு, தொட்டி மண்ணோடு உலகம் சுற்றியது.

தமிழில் இதை எப்படி அழைப்பது? 'சுத்தியல்தலைப் புழு' ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. அதே தலையுள்ள சுறாவை நம் மீனவர்கள் கண்ணால் பார்த்தே 'கொம்பன் சுறா' என்றார்கள். 'மண்வெட்டித்தலை' என்றால் மண்ணைத் தோண்டும் என்று தோன்றும். இது தோண்டுவதில்லை, மண்புழுவின் வளைக்குள் புகுந்து அதையே தின்கிறது. 'நாடாப்புழு' குடலில் வாழும் வேறு புழு. தட்டைப்புழு என்ற சொல் பாடநூல்களிலேயே இருக்கிறது; முன்னால் 'பிறைத்தலை' சேர்த்தால் பார்த்தவுடன் அடையாளம் தெரியும்.

அந்த அடையாளம் அவசியம். மண்புழு என்று விட்டுவிட்டால் மண்புழு உரக்குழி காலியாகும். பதறி மண்வெட்டியால் வெட்டினால் இன்னும் மோசம். இது இயல்பிலேயே வால்நுனியைச் சிறு துண்டாகக் கழற்றிவிட்டுத்தான் பெருகுகிறது. துண்டு உடனே ஊரத் தொடங்கும், பத்து நாளளவில் தலை முளைக்கும். வெட்டுகிறவர் அதன் வேலையை அதற்குச் செய்து கொடுக்கிறார்.

கையுறை போட்டுக் குச்சியால் முழுதாக எடுத்து, மூடியுள்ள புட்டியில் உப்போ வினிகரோ ஊற்றிப் போடுங்கள். உப்பைச் செடியடியில் தூவாதீர்கள், வேர் கருகும். பேத்தை மீனில் உள்ள டெட்ரோடோடாக்சின் நஞ்சு இதிலும் உண்டு. கோழி, நாய் தின்னாமல் பாருங்கள், கையைச் சோப்பால் கழுவுங்கள். நாற்றுத்தொட்டி வாங்கும்போது அடித்துளையையும் தூக்கிப் பாருங்கள்; பகலில் அங்கேதான் ஒளிந்திருக்கும்.